பனிச்சரிவில் பறக்கும் பாவையர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பறவையைப் போல் வானில் பறக்க வேண்டும் என்பது மனிதனின் ஆதிகால ஆசை. விமானம் அந்த ஆசையை ஓரளவு நிறைவேற்றியது. ஆனால் விமானத்தில் ஏறினால் இயந்திரம்தான் பறக்கிறது. நாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். இயந்திரமும் இல்லாமல், இறக்கையும் இல்லாமல், காலில் கட்டிய இரண்டு பலகைகளை மட்டும் நம்பி 200 மீட்டருக்கு மேல் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா, தோழியரே? பனி பெய்வதையே நேரில் பார்த்திராத நம்மில் பலருக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டு இது. பனிச்சறுக்குப் பறத்தல் என்று இதைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஸ்கீ ஃபிளையிங்' என்பர். இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதையும், இதில் கலந்துகொள்ளப் பெண்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

விளையாட்டும் களமும்

பனி மூடிய மலைச்சரிவில் செங்குத்தான சறுக்குப் பாதை ஒன்றை அமைத்திருப்பார்கள். அதன் மேற்பகுதியில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். வீரர் அதில் அமர்ந்து காத்திருப்பார். பச்சை விளக்கு எரிந்து, பயிற்சியாளர் கொடியை அசைத்ததும் கட்டையை விட்டு நழுவிப் பாதையில் இறங்குவார். சில நொடிகளில் அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரை எட்டிவிடும். பாதை முடியும் இடத்தில் ஒரு விளிம்பு உண்டு. குனிந்து வந்தவர் அங்கே காலை உந்தி எழும்பி, உடலை முன்னே சாய்த்துக் காற்றில் பாய்கிறார். ஏழு எட்டு நொடிகள் அந்தரத்தில் இருக்கிறார். பிறகு கீழேயுள்ள பனிச்சரிவில் ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை மடித்து இறங்குகிறார். இவ்வாறு இறங்குவதற்கு 'டெலிமார்க்' என்று பெயர். நார்வே நாட்டிலுள்ள ஒரு மாவட்டத்தின் பெயர் அது.

மதிப்பெண் தூரத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஐந்து நடுவர்கள் பறத்தலின் அழகையும் இறங்கும் முறையையும் பார்த்து ஆளுக்கு 20 வரை அளிக்கிறார்கள். அவற்றில் மிகக் கூடிய ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுவார்கள். வெகுதூரம் பறந்தும் தடுமாறி இறங்கியவர், அவரைவிடச் சிறிது குறைவாகப் பறந்து அழகாக இறங்கியவரிடம் தோற்றுப்போவதுண்டு.

சிறிய மேடுகளில் நடப்பது பனிச்சறுக்குத் தாண்டுதல். மேட்டின் அளவு 185 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதைப் பறத்தல் என்பார்கள். இந்த அளவு மேட்டின் உயரத்தைக் குறிப்பதன்று; விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் வரை பாதுகாப்பாக இறங்கலாம் என்பதைக் காட்டுவது. நார்வேயின் விகெர்சுன், ஸ்லோவேனியாவின் பிளானிட்சா ஆகிய இரண்டும் 240 மீட்டர் அளவுள்ளவை. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப், ஆஸ்திரியாவின் குல்ம் ஆகியவை 235 மீட்டர். உலகக் கோப்பைப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அந்த நான்கைந்து மாதங்களில் தாண்டுதல் போட்டிகள் பல நடந்தாலும், பறத்தல் போட்டிகள் சிலவே. ஆகவே அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

எப்படிப் பறக்கிறார்கள்?

நாம் இயற்பியலில் படித்த பாடத்தைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பொருள் தடையின்றி 7 நொடி விழுந்தால் எவ்வளவு கீழே வரும்? நொடியின் வர்க்கம் 49. அதை 9.8 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 240 மீட்டர். ஆனால் பறத்தல் மேட்டின் விளிம்பிலிருந்து அடிவாரம் வரை உள்ள உயரம் ஏறக்குறைய இதில் பாதிதான். அப்படியானால் வீரர் விழவேண்டிய அளவுக்கு விழவில்லை என்று தெரிகிறது. அவரை ஏதோ ஒன்று தாங்குகிறது. அதுதான் காற்று.

வேகமாக வரும் வண்டியின் சன்னலுக்கு வெளியே காற்று எவ்வளவு பலமாக வீசுகிறது என்பதை நாம் அறிவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் காற்றின் மீது வீரர் தம் உடலையும் பலகைகளையும் சாய்த்துக் கிடத்துகிறார். காற்று கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. விமானத்தின் இறக்கை செய்யும் வேலையை அவருடைய உடலே செய்கிறது. பலகைகளின் முனையை விரித்து, ஆங்கில எழுத்து 'வி' போல் வைத்துக்கொண்டால் காற்று தாங்கும் பரப்பு இன்னும் அதிகமாகும்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொலைக்காட்சியில் பார்க்கும்போது வீரர் ஆகாயத்தில் எங்கோ உயரத்தில் இருப்பது போலத் தெரியும். உண்மையில் அவர் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் செல்கிறார். அவர் இறங்க இறங்க மலைச்சரிவும் அவருக்குக் கீழே கூடவே இறங்குகிறது. சரிவின் போக்கும் பறக்கும் போக்கும் ஒத்திருப்பதால், இறங்கும்போது பாதத்தில் விழும் அடி குறைகிறது. சமதரையில் இறங்கினால் எலும்பு நொறுங்கிவிடும். மேட்டை அமைக்கும் பொறியாளரின் திறமை இதில்தான் இருக்கிறது. பிளானிட்சாவின் பெரிய மேட்டை அமைத்த விளாடோ, யானெஸ் என்னும் கோரிஷெக் சகோதரர்களின் பெயரையே அந்த மேட்டுக்கு இட்டிருக்கிறார்கள். 1969 இல் அது திறக்கப்பட்டது.

அபாயமும் அளவும்

இவ்விளையாட்டு அபாயமானது என்பதில் ஐயமில்லை. 2021 மார்ச்சில் பிளானிட்சாவில் நார்வே வீரர் டானியல் ஆன்ட்ரே டான்டே காற்றில் நிலைதடுமாறி விழுந்தார். மருத்துவர்கள் அவரைச் சில நாட்கள் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. பின்னர் அவர் தேறி, மீண்டும் போட்டிக்கு வந்தார்.

அபாயம் இருப்பதால்தான் அளவும் விதியும் தேவைப்படுகின்றன. 1972 இல் பிளானிட்சாவில் நடந்த முதல் உலகப் பறத்தல் போட்டியில் வென்றவர் வால்ட்டர் ஷ்டைனர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மரச்சிற்பி. 1974 இல் அதே மேட்டில் 177 மீட்டர் வரை பறந்து விழுந்தார். தாம் அளவுக்கு மீறிப் பறப்பதை உணர்ந்த அவர், புறப்படும் இடத்தைக் கீழே இறக்கும்படி கேட்டுக்கொண்டார். மற்றவர்களைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து சறுக்கி, குறைந்த வேகத்தில் புறப்பட்டும் அவரே வென்றார்! துணிச்சல் மிக்கவரே எச்சரிக்கையும் மிக்கவராக இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று புறப்படும் கட்டையை ஏற்றவும் இறக்கவும் விதி இருக்கிறது. காற்று பலமாக வீசினால் விளக்கு சிவப்பிலேயே நிற்கும். வீரர் கட்டையில் காத்திருக்க வேண்டியதுதான். உடல் இலேசாக இருந்தால் அதிகத் தூரம் பறக்கலாம் என்று எண்ணிச் சிலர் உணவைக் குறைத்து உடலைக் கெடுத்துக்கொண்டதால், 2004 முதல் ஒரு விதி வந்தது. உயரத்துக்குத் தக்க எடை இல்லாதவர் நீளம் குறைந்த பலகைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பலகை குட்டையானால் காற்றின் தாங்குதலும் குறையும். பட்டினி கிடந்தவருக்கு லாபம் இல்லை! இத்தகைய விதிகள் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. உள்ளே வந்தவரைக் காப்பாற்றுகின்றன.

ஆனால் அபாயம் என்ற சொல்லைச் சொல்லியே கதவை அடைத்ததும் உண்டு. 1930களில் பிளானிட்சாவில் பெரிய மேடு கட்டியபோது, இவ்வளவு பெரிய மேடு கூடாது என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு எதிர்த்தது. 1936 மார்ச் 15 அன்று ஸெப் பிராடல் என்ற ஆஸ்திரிய இளைஞர் அங்கே 101.5 மீட்டர் தாண்டினார். மனிதன் 100 மீட்டரைக் கடந்தது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 18.

1980களில் ஸ்வீடன் வீரர் யான் போக்லோவ் பலகைகளை 'வி' போல் விரித்துத் தாண்டினார். பார்க்க அழகாயில்லை என்று நடுவர்கள் அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1988-89 பருவத்தில் உலகக் கோப்பையையே வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் அவரைப் பின்பற்றினார்கள். இன்று அந்த முறையில் பறக்காதவரே இல்லை.

பாவாடையுடன் தாண்டிய சீமாட்டி

இனிப் பெண்களின் வரலாற்றுக்கு வருவோம். 1862 இல் நார்வேயின் த்ரிசில் என்னும் ஊரில் நடந்த போட்டியில் இங்க்ரிட் வெஸ்ட்பி என்ற பெண் தாண்டியதாகப் பதிவு இருக்கிறது. 1911 இல் ஆஸ்திரியாவின் பவுலா லம்பெர்க் என்ற சீமாட்டி, அக்கால வழக்கப்படி நீண்ட பாவாடை அணிந்தபடியே 22 மீட்டர் தாண்டினார். பாவாடை காற்றில் விரிய அவர் எப்படி நிலைதவறாமல் இறங்கினாரோ, நினைத்தாலே வியப்பாயிருக்கிறது.

ஆக, பெண்களுக்கு ஆசையும் இருந்தது, ஆற்றலும் இருந்தது. இல்லாதது அனுமதிதான். 1924 இல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குத் தாண்டுதல் போட்டி இருந்தது. பெண்களுக்கு இல்லை. 2005 இல்கூட, மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதன்று என்ற கருத்தைச் சர்வதேசக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரே வெளியிட்டார்.

ஆனால் அதற்கு முன்பே இரு பெண்கள் அதற்கு விடை கூறிவிட்டார்கள். 1997 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஏவா கான்ஸ்டர் தம் 18 ஆவது வயதில் குல்ம் மேட்டில் 167 மீட்டர் பறந்தார். பறத்தல் மேட்டில் பறந்த முதற்பெண் அவரே. 2003 ஜனவரியில் அதே குல்மில் 19 வயதான டானியெலா இராஷ்கோ 200 மீட்டர் பறந்தார். இருவரும் பத்திரமாகவே இறங்கினார்கள். அப்படியிருந்தும் பெண்களுக்கென்று ஒரு பறத்தல் போட்டி ஏற்பட மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அந்த 20 ஆண்டுகளும் இராஷ்கோவின் 200 மீட்டர்தான் பெண்களின் உலகச் சாதனையாக நின்றது. அதை முறியடிக்கும் திறமை ஒருவருக்கும் இல்லாததாலா? முயன்று பார்க்கப் போட்டி இல்லாததால்தான்.

தாண்டுதலில் கதவு மெல்லத் திறந்தது. 2009 இல் செக் நாட்டின் லிபெரெட்ஸ் நகரில் பெண்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் லின்ட்ஸி வான் வென்றார். ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை. இந்த விளையாட்டில் போதிய வீராங்கனைகள் இல்லை என்று காரணம் கூறப்பட்டது. வீராங்கனைகள் சிலர் கனடாவில் வழக்குத் தொடுத்தார்கள். இது பாகுபாடுதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் எந்தெந்தப் போட்டிகள் இடம்பெறும் என்பதைத் தீர்மானிக்கும் சர்வதேச ஒலிம்பிக் குழுவைக் கனடா நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கூறிவிட்டார். நியாயம் இருந்தும் வழக்கில் தோற்றார்கள். ஆனால் முயற்சி வீண்போகவில்லை. 2014 இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாகத் தாண்டினார்கள். ஜெர்மனியின் கரினா ஃபோக்ட் தங்கம் பெற்றார். குல்மில் 200 மீட்டர் பறந்த அதே டானியெலா வெள்ளி பெற்றார். 19 வயதில் பறந்தவர் 30 வயதில் ஒலிம்பிக் மேடை ஏறினார்!

2023 மார்ச் 19

2022-23 பருவத்தின் முடிவில் அந்த நாள் வந்தது. விகெர்சுன் மேட்டில் 2023 மார்ச் 19 அன்று பெண்களுக்கான முதல் பறத்தல் போட்டி நடந்தது. நார்வேயில் நடந்த முந்தைய போட்டிகளில் சிறந்து விளங்கிய 15 பேருக்கு மட்டுமே இடம். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட்டுவிடவில்லை; பழகியவர்களையே அனுமதித்தார்கள். இது முறையான எச்சரிக்கை என்றே நான் கருதுகிறேன்.

அன்று வென்றவர் ஸ்லோவேனியாவின் எமா க்ளினெட்ஸ். அவர் பறந்த தூரம் 226 மீட்டர். 20 ஆண்டுகள் அசையாமல் இருந்த சாதனை, போட்டி வைத்த முதல் வாரத்திலேயே 26 மீட்டர் பின்தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நார்வேயின் ஸில்யே ஒப்செத் 230.5 மீட்டர் பறந்தார். 2025 மார்ச் 14 அன்று, தம் இருபதாவது பிறந்த நாளுக்கு முந்திய நாள், ஸ்லோவேனியாவின் நிகா ப்ரெவ்ட்ஸ் 236 மீட்டர் பறந்து புதிய உலகச் சாதனை படைத்தார். நம் பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் ஓடுகிறோமே, அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான தூரம் கால் தரையில் படாமல் சென்றிருக்கிறார்!

இந்த நிகாவின் குடும்பம் அதிசயமான குடும்பம். அவருடைய மூத்த அண்ணன் பீட்டர், 2015 இல் உலகிலேயே முதன்முறையாக 250 மீட்டரைத் தொட்டவர். இன்னொரு அண்ணன் டொமென், தங்கை சாதனை புரிந்த இரு வாரங்களில், 2025 மார்ச் 30 அன்று பிளானிட்சாவில் 254.5 மீட்டர் பறந்து ஆண்களின் உலகச் சாதனையைப் பெற்றார். ஒரே மாதத்தில் ஒரே வீட்டில் இரண்டு உலகச் சாதனைகள். ஒன்று மகனுக்கு, மற்றொன்று மகளுக்கு. இருபது ஆண்டுகளுக்கு முன் நிகா வளர்ந்திருந்தால், அண்ணன்மார் பறப்பதை வேலிக்கு வெளியே நின்று கைதட்டிப் பார்த்திருப்பார். அவ்வளவுதான்.

நாம் அறிய வேண்டுவது

இவ்வரலாற்றைப் படித்தபோது ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. எச்சரிக்கை வேறு, தடை வேறு. எச்சரிக்கை, 'இன்று காற்று எப்படி? எந்த உயரத்திலிருந்து புறப்படலாம்? போதிய பயிற்சி பெற்றாயா?' என்று கேட்கிறது. தடையோ, 'நீ யார்?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறது. முன்னதற்கு நாம் பணிந்து நடக்க வேண்டும். ஷ்டைனர் தாமே கேட்டுக் கீழே இறங்கினார். அதனால் அவருடைய பெருமை குறையவில்லை. பின்னதை எதிர்கொள்ளப் பொறுமையும் விடாமுயற்சியும் வேண்டும். அந்த வீராங்கனைகள் வசைபாடிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வழக்காடினார்கள், தோற்றார்கள், மறுநாளும் பயிற்சிக்குச் சென்றார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். பெண் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குக் கவலை இருப்பது அன்பினால்தான் என்பதை நாங்கள் அறிவோம். 'அது உனக்கு ஆகாது' என்று சொல்வதற்கு முன், 'அதற்கு என்ன பயிற்சி வேண்டும்?' என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், அதற்குரிய காரணத்தை எங்களுக்கும் சொல்லுங்கள்; கேட்டுக்கொள்வோம்.

தோழியரே, நாம் எல்லோரும் பனிமலை ஏறப்போவதில்லை. நம்மில் ஒருத்தி மருத்துவராகலாம். ஒருத்தி பொறியாளராகி இத்தகைய மேடுகளையே அமைக்கலாம். எந்தத் துறையாயினும், விளிம்புக்கு வந்து சேரும் நொடியில் காற்று நம்மை ஆணா பெண்ணா என்று கேட்கப்போவதில்லை. பழகியிருக்கிறாயா என்றுதான் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லத்தக்கவாறு இன்றே பழகுவோமாக!